நொடிக்கு ஒருமுறை தாவும் முள்: பழைய வாட்ச் வாங்குமுன் கவனிக்கவேண்டியது என்ன?

தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் மூடப்பட்டது. பழைய வாட்ச்சைக் கையில் எடுத்து, காதில் வைத்துப் பார்த்து வாங்க முடிந்த இடம் அது. இப்போது கைப்பேசித் திரையில் படத்தைப் பார்த்தே பலரும் வாங்குகிறார்கள்.

ஆனால் நொடி முள் எப்படி நகர்கிறது என்பது படத்தில் தெரியாது.

முள் ஏன் முக்கியம்?

சாவி கொடுக்கும் பழைய வாட்ச் பலவற்றில் நொடி முள் ஒரு நொடிக்கு 5 சின்ன அடி எடுத்துவைக்கும். கண்ணுக்கு அது வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சில் பெரும்பாலும் நொடிக்கு ஒரே தாவல்தான். பேட்டரியை மிச்சப்படுத்தவே அந்த ஏற்பாடு.

அப்போ, தாவினாலே பேட்டரி வாட்ச்சா?

இல்லை. 1950களில் வந்த ரோலெக்ஸ் ட்ரூ-பீட்டில் பேட்டரி கிடையாது. ஆனாலும் முள் நொடிக்கு ஒருமுறைதான் தாவும். உள்ளே இருக்கும் கூடுதல் பாகங்கள் முள்ளைப் பிடித்துவைத்து, ஒரு நொடி முடிந்ததும் விடுவிக்கும். இதற்கு ‘டெட்பீட் செகண்ட்ஸ்’ என்று பெயர்.

பழுதுபார்த்தவர்கள் சிலர் அந்தப் பாகங்களைக் கழற்றிவிட்டனர். வாட்ச் ஓடியது, அதன் சிறப்பு போய்விட்டது. முழுமையான ட்ரூ-பீட் இன்று அரிதாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

நம்ம வீட்டு வாட்ச்சுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். இந்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி, ஜப்பானின் சிட்டிசனுடன் சேர்ந்து 1961இல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. வாட்ச் பிரிவை மூட இந்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்தது.

அதன் ‘ஜனதா’, ‘பைலட்’ ரகங்களைச் சேகரிப்போர் தேடுகிறார்கள். அதனால் புதிதாக அச்சிட்ட டயலையும் வேறு வாட்ச்சின் பாகங்களையும் பொருத்தி, ‘அசல் பழசு’ என்று விற்பதும் நடக்கிறது.

வாங்கப் போறீங்களா?

• முள் ஒரு நிமிடம் ஓடும் காணொளியைக் கேளுங்க.

• பின்மூடியைத் திறந்து எடுத்த படத்தையும் கேளுங்க.

• வாட்ச் தேய்ந்திருக்கு, டயல் மட்டும் பளபளக்குதா? விசாரிங்க.

• தாத்தா வாட்ச்சைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, டயலை மாத்த வேண்டாம்னு முதலிலேயே சொல்லுங்க. கழற்றும் பாகங்களைத் திருப்பி வாங்கிக்குங்க.

நின்றுபோன வாட்ச்சைப் பெரும்பாலும் ஓடவைத்துவிடலாம். தூக்கிப் போட்ட பாகத்தைத் தேடிப்பிடிப்பதுதான் கஷ்டம்.