விடுதி மணியும் ஒற்றன் குறிப்பேடும்

சிறுவர் கதை எழுதுகிறவருக்கு முதல் தலைவலி அப்பா அம்மாதான். அவர்கள் பக்கத்திலேயே இருந்தால் பிள்ளையைச் சாப்பிட வைத்து ஒன்பது மணிக்குப் படுக்க அனுப்பிவிடுவார்கள். அப்புறம் கதை எங்கே நடக்கும்? ஆங்கிலச் சிறுவர் இலக்கியம் இதற்கு இரண்டு நல்ல வழிகளைக் கண்டுபிடித்தது. ஒன்று, பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்ப்பது. மற்றொன்று, உளவு வேலையில் இறக்கிவிடுவது.

யாரை நம்புவது, எந்த ரகசியத்தைக் காப்பது, எந்த விதியை மீறுவது என்ற முடிவெல்லாம் இந்த இரு வகைக் கதைகளிலும் பிள்ளையின் கையில்தான். பாடப் புத்தகம் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிற மகனுக்கோ மகளுக்கோ நீதிக்கதைத் தொகுப்பை வாங்கித் தந்து சலித்துப்போன பெற்றோர், இவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம். எந்த வயதில் எதைக் கொடுப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஒன்பது, பத்து வயதுக்கு எனிட் பிளைட்டனின் 'மாலரி டவர்ஸ்'. 1946 முதல் 1951 வரை வந்த ஆறு நாவல்கள். கார்ன்வால் கடலோரத்துப் பெண்கள் பள்ளிக்கு வரும் டாரல் ரிவர்ஸுக்கு மூக்கின் மேல் கோபம். நள்ளிரவு விருந்தும் கடல்நீர் நீச்சல்குளமும் வாசகரை இழுத்துக்கொண்டு போகும். உள்ளே ஓடுவதோ அந்தக் கோபத்தோடு அவள் மல்லுக்கட்டும் கதை. பிளைட்டனிடம் குறைகள் உண்டு. குண்டான பெண்ணும் பிரெஞ்சு ஆசிரியையும் அவருக்குக் கேலிப் பொருள். அதை மறைக்க வேண்டியதில்லை, 'இது சரியா?' என்று பிள்ளையிடமே கேட்டுவிடலாம்.

அந்தக் கேள்விக்குக் கதையாகவே பதில் சொன்னவர் ராபின் ஸ்டீவன்ஸ். விடுதிப் பள்ளியில் படித்த அவர் எழுதி 2014இல் வெளிவந்த 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' 1930களின் டீப்டீன் பள்ளியில் நடக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஆசிரியை பிணமாகக் கிடக்கிறார். துப்புத் துலக்க இரண்டு மாணவிகள் கிளம்புகிறார்கள். கதை சொல்பவள் ஹாங்காங்கிலிருந்து வந்த ஹேசல் வோங். வெள்ளைக்காரப் பிள்ளைகள் நடுவே வேற்றாளாக இருப்பது எப்படிப்பட்டது என்பதும் கொலை மர்மத்தோடு சேர்ந்தே அவிழ்கிறது. பதினொரு வயதுக்குப் பொருத்தம்.

துப்பாக்கி இல்லாத உளவுக் கதைக்கு லூயிஸ் ஃபிட்ஸ்ஹியூவின் 'ஹாரியட் தி ஸ்பை' (1964). நியூயார்க்கில் வசிக்கும் பதினொரு வயது ஹாரியட், தெருவாசிகளையும் வகுப்புத் தோழர்களையும் வேவு பார்த்து, மனதில் பட்டதை ஒளிவுமறைவின்றிக் குறிப்பேட்டில் எழுதுகிறாள். ஒருநாள் அந்தக் குறிப்பேடு தோழர்கள் கையில் சிக்குகிறது. வகுப்பே அவளை ஒதுக்கிவைக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் சுற்றுவதைப் பார்த்திருக்கும் இன்றைய பிள்ளைக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பன்னிரண்டைத் தாண்டியவர்களுக்கு ஆண்டனி ஹோரோவிட்ஸின் அலெக்ஸ் ரைடர். 2000இல் வந்த 'ஸ்டார்ம்பிரேக்கர்' முதல் நூல். இரண்டாவதான 'பாயிண்ட் பிளாங்க்' ஆல்ப்ஸ் மலை உச்சியில் உள்ள விடுதிப் பள்ளிக்கே அந்தப் பதினான்கு வயது ஒற்றனை அனுப்புகிறது. ராபர்ட் முச்சமோரின் 'செரப்' வரிசையில், குழந்தைகளைப் பெரியவர்கள் சந்தேகிக்கமாட்டார்கள் என்பதையே மூலதனமாக்கி ஓர் உளவு அமைப்பு இயங்குகிறது. போதைப்பொருள், வன்முறை எல்லாம் வருவதால் அது பதின்மூன்றுக்கு மேல்தான்.

இரு வகையும் ஒரே நூலில் சேர்வது கிப்ளிங்கின் 'கிம்' (1901). லாகூர்த் தெருவில் வளரும் அநாதைச் சிறுவனுக்கு லக்னோ விடுதிப் பள்ளியில் படிக்கத் திபெத்திய லாமா ஒருவர் பணம் கட்டுகிறார். விடுமுறையில் சிம்லாவில் ஒற்றுப் பயிற்சி. தட்டில் பரப்பிய கற்களை ஒருமுறை பார்த்துவிட்டு, மூடியபின் நினைவிலிருந்து சொல்லும் பயிற்சிதான் பின்னாளில் 'கிம் விளையாட்டு' என்று சாரணர் இயக்கத்துக்குள் நுழைந்தது. நாவலில் வருகிற, ஜெபமாலையை உருட்டிக் காலடிகளை எண்ணி நிலம் அளக்கும் முறையும் வெறும் கற்பனையில்லை. குமாவுன்காரரான நைன் சிங், வழக்கமான 108க்குப் பதில் நூறு மணிகள் கோத்த மாலையோடு 1860களில் லாசா வரை அளந்து போனவர். நாவலில் ஏகாதிபத்தியப் பெருமிதம் உண்டு. எனவே பதினைந்து வயதில், பெரியவர் ஒருவரோடு சேர்ந்து படிப்பது நல்லது.

தமிழ் வாசகருக்கு உளவுக் கதை புதிதில்லை. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி ஒரு தலைமுறையையே வாசிக்கப் பழக்கியவர். விடுதிக் கதைக்கும் இங்கே களம் உண்டு. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் நடத்தும் விடுதிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வளர்கிறார்கள். வார்டனும் மெஸ்ஸும் டிரங்குப் பெட்டியும் நிறைந்த அந்த உலகை வைத்து ஒரு தொடர்நாவலைத் தமிழ்ப் பதிப்பகங்கள் எழுதவைத்து வெளியிடலாம். அதன் முதல் பிரதிகள் அந்த விடுதிகளின் அலமாரிகளுக்கே போகட்டும்.