இல்லாததும் காரின் உண்மைதான்

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் ஆய்வாளர் விடுதியில் சிறியதொரு வாக்கெடுப்பு நடைபெற்றது. வாரந்தோறும் இணையவழிக் கார் பந்தயத்தில் கூடும் பதினான்கு பேர் நாங்கள். எங்கள் சர்வரில் ஓடும் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ்., டிராக்ஷன் கன்ட்ரோல், தானியங்கிக் கிளட்ச் ஆகிய மூன்று உதவிகளையும் அனுமதிக்கலாமா என்பதே கேள்வி. மெய்ம்மை கெட்டுவிடும் என்று வாதிட்டு, ‘கூடாது’ என்று வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். ஒன்பதுக்கு ஐந்து என்ற கணக்கில் எங்கள் தரப்பு வென்றது. அந்த மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. முதலாண்டில் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணா, உங்ககிட்ட ஸ்டீயரிங்கும் மூணு பெடலும் இருக்கு. எங்கிட்ட கீபோர்டுதான் இருக்கு. ரியலிசம்னு நீங்க சொல்றது காரைப் பத்தியா, உங்க மேசையைப் பத்தியா?”

அன்றிரவு என்னால் விடை சொல்ல முடியவில்லை. புனேயில் வாகன இயக்கவியல் ஆய்வில் இருப்பவன் என்ற முறையில் மெய்ம்மை என்னும் சொல்லை நாள்தோறும் புழங்குகிறேன். எவ்வளவு கவனக்குறைவாகப் புழங்கியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஒரு வார யோசனைக்குப் பின் நான் வந்தடைந்த முடிவை இங்கே பதிவு செய்கிறேன். இத்தகைய சிமுலேட்டர்களைத் தொட்டே பார்த்திராத நண்பர்களுக்கும் விளங்கும் வகையில் எழுத முயன்றிருக்கிறேன்.

முதலில் அடிப்படை. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் முற்றிலும் நின்று, கார் வழுக்கிச் செல்லாதவாறு காப்பது ஏ.பி.எஸ். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் பிடிப்பிழந்து வெறுமனே சுழலாதவாறு அடக்குவது டிராக்ஷன் கன்ட்ரோல். நாங்கள் பயன்படுத்துவது, இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014இல் வெளியிட்ட அசெட்டோ கோர்சா. அதில் சர்வரை நடத்துபவர் ஏ.பி.எஸ்.சுக்கு மூன்று நிலைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எந்தக் காருக்கும் கிடையாது என்பது முதல் நிலை. உண்மையான காரில் அது இருந்தால் மட்டும் இங்கும் உண்டு என்பது இரண்டாவது. எல்லாக் கார்களுக்கும் உண்டு என்பது மூன்றாவது. டிராக்ஷன் கன்ட்ரோலுக்கும் இதே மூன்று நிலைகள்தாம்.

இந்த இரண்டாம் நிலைதான் என் கருத்தின் மையம். மெய்ம்மை என்பது வசதிகளைக் கூட்டுவதிலும் இல்லை, குறைப்பதிலும் இல்லை. அந்தக் கார் எதைக் கொண்டிருந்ததோ அதைக் கொடுப்பதிலும், எதைக் கொண்டிருக்கவில்லையோ அதைக் கொடுக்காமல் இருப்பதிலும் இருக்கிறது. 1987இல் அறிமுகமான ஃபெராரி எஃப்40 காரை எடுத்துக்கொள்வோம். இரட்டை டர்போ பொருத்திய இன்ஜின், ஆனால் ஏ.பி.எஸ். கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது, பிரேக் மிதிக்குத் துணைநிற்கும் சர்வோவும் கிடையாது. இந்த இல்லாமைகள்தாம் அந்தக் காரின் குணம். அதற்கு ஏ.பி.எஸ்.சைப் பூட்டி ஓட்டுபவர், சிவப்பு நிறத்தில் வேறொரு காரை ஓட்டுகிறார். மறுபுறம், ஜி.டி.3 வகைப் பந்தயக் கார்களில் ஏ.பி.எஸ்.சும் டிராக்ஷன் கன்ட்ரோலும் உள்ளபடியே பொருத்தப்பட்டிருக்கின்றன. ‘நான் சுத்தமான ஓட்டுநர்’ என்று மார்தட்டிக்கொண்டு அவற்றை அணைத்துவிட்டு ஓட்டுபவரும் மெய்ம்மையிலிருந்து விலகியவரே.

இதில் ஆண்டும் முக்கியம். ஃபார்முலா ஒன் பந்தயங்களில் டிராக்ஷன் கன்ட்ரோல் 2001ஆம் ஆண்டின் ஸ்பெயின் பந்தயம் முதல் அனுமதிக்கப்பட்டு, 2008 முதல் மீண்டும் தடைசெய்யப்பட்டது. ஆகவே 2006ஆம் ஆண்டுக் காரில் அது உண்மை. 2008ஆம் ஆண்டுக் காரில் அதே வசதி பொய். ஒரு வசதி மெய்யானதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தக் காரில், எந்த ஆண்டில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

வசதிகளுக்குக் கீழே இன்னொன்று இருக்கிறது: டயர். காரின் முழு எடையும் நான்கு இடங்களில்தான் தரையைத் தொடுகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு. திரும்புவது, நிற்பது, விரைவது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே நிகழ்கின்றன. டயர் சற்றே வழுக்கும்போதுதான் அதன் பிடிப்பு உச்சத்தை எட்டுகிறது. அதற்குமேல் வழுக்கினால் பிடிப்பு சரிகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்கா வகுத்த புகழ்பெற்ற ‘மாய வாய்பாடு’ இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வளைகோடாக வரைகிறது. அளந்தெடுத்த தரவுகளோடு பொருந்துவதுதான் அதன் வலிமை. அடிப்படை இயற்பியல் விதிகளிலிருந்து படிப்படியாகத் தருவிக்கப்பட்டதன்று என்பதே பெயரிலுள்ள அந்த ‘மாய’த்துக்குப் பொருள். நல்ல ஓட்டுநர் அந்த உச்சத்தின் விளிம்பிலேயே காரை வைத்திருப்பவர். ஏ.பி.எஸ்.சும் டிராக்ஷன் கன்ட்ரோலும் அந்த விளிம்பை அவருக்குப் பதிலாகக் காவல் காப்பவை. காவலாளி இருக்கும்போது டயர் மாதிரியின் குறைகள் வெளியே தெரிவதில்லை. வசதிகளைத் தாராளமாக வழங்கும் சிமுலேட்டரைக் கண்டு நான் சற்றே ஐயுறுவது இதனால்தான்.

லைவ் ஃபார் ஸ்பீடு என்னும் சிமுலேட்டரின் அனுபவம் இங்கே நினைவுகூரத் தக்கது. மூவர் மட்டுமே கொண்ட சிறு குழுவின் படைப்பு அது. ஃபோக்ஸ்வாகன் ஸ்கிராக்கோ கார் அதில் இடம்பெறும் என்று 2008இன் இறுதியில் அறிவித்தார்கள். பிறகு டயர் இயற்பியலில் திருத்தம் தேவை என்று கூறி அதைத் தள்ளிவைத்தார்கள். அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டு, ரசிகர்களின் கேலிக்கும் உள்ளானது. நானும் சிரித்தவன்தான். இன்று அதை வேறு கண்ணால் பார்க்கிறேன். காரின் உடலும் ஒலியும் கைவசம் இருந்தாலும், அது சாலையில் நடந்துகொள்வதுபோல் திரையில் நடந்துகொள்ளாதவரை அதைக் கொடுக்கக் கூடாது என்று ஒருவர் எண்ணினால், அதில் ஓர் ஆய்வாளருக்குரிய நேர்மை இருக்கிறது.

இதுவரை சொன்னது என் தரப்புக்கு ஆதரவாகவே ஒலிக்கும். ஆனால் என் தரப்பின் ஓட்டைகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கடினத்தையும் மெய்ம்மையையும் நாங்கள் ஒன்றாக்கிவிட்டோம். 1998இல் வெளிவந்த கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ், 1967ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. காற்றை அழுத்தமாக மாற்றும் இறக்கைகள் வருவதற்கு முந்தைய கார்கள் அவை. முதல் வளைவைக்கூடக் கடக்க முடியாமல் புதியவர்கள் திணறினார்கள். அதுவே மெய்ம்மையின் அளவுகோல் என்றொரு நம்பிக்கையும் எங்களைப் போன்றோரிடையே வேரூன்றியது. ஆனால் உண்மையான ஓட்டுநருக்குத் தன் உடல் துணைநிற்கிறது. பின்சக்கரம் நழுவத் தொடங்குவதைக் கண் காண்பதற்கு முன்பே இடுப்பு அறிந்துவிடுகிறது. எங்கள் நாற்காலிகள் அசைவதில்லை. ஆகவே, மிகச் சரியான டயர் மாதிரியும் உடலுணர்வு இல்லாத நிலையில் உண்மையைவிடக் கடினமாகிவிடலாம். அந்த உபரிக் கடினத்தை மெய்ம்மை என்று பெருமை கொள்வதில் பொருளில்லை.

இரண்டாவது ஓட்டை இன்னும் வெட்கத்துக்குரியது. ஏ.பி.எஸ்.சை அனுமதிப்பது பற்றி இவ்வளவு நேரம் வாதிட்ட அதே சர்வரில் சேதத்தின் அளவைச் சுழியத்தில் வைத்திருக்கிறோம். டயர் தேய்மானத்தையும் அணைத்துவைத்திருக்கிறோம். சுவரில் மோதியவர் ஒன்றும் நடவாததுபோல் தொடர்கிறார். பிரேக்கைப் பூட்டி டயரைத் தேய்த்தவருக்கு அடுத்த சுற்றில் எந்தத் தண்டனையும் இல்லை. சக்கரம் பூட்டுவதன் விளைவை அகற்றிவிட்டு, பூட்டாமல் காக்கும் கருவியை மட்டும் தடைசெய்வது என்ன மெய்ம்மை? தவறுக்கு விலை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. காரில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்பது அதற்குப் பிந்தையது.

இணையவழிப் பந்தயத்துக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. என் காரின் இயக்கத்தை என் கணினி கணக்கிடுகிறது. உங்கள் காரை உங்கள் கணினி கணக்கிடுகிறது. பக்கத்தில் ஓடும் உங்கள் காரை நான் பார்க்கும்போது, சற்று முன்பு வந்த செய்தியை வைத்து என் கணினி செய்த ஊகத்தைத்தான் பார்க்கிறேன். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர் கடக்கிறது. நொடியில் பத்திலொரு பங்கு தாமதம் என்றால் ஐந்தரை மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்துக்கும் கூடுதல். எந்த வசதியும் எந்த டயர் மாதிரியும் இதைத் தீர்க்காது. எதிரே இருப்பவருக்கு இடம்விட்டு ஓட்டும் பண்புதான் இங்கே இயற்பியலின் பற்றாக்குறையை ஈடுசெய்கிறது.

இனித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்ட பிறகுதான் நான் பிரித்துப் பார்க்கத் தவறிய ஒன்று தெரிந்தது. உதவிகள் இருவகைப்படும். ஒருவகை காரை மாற்றுகிறது. மற்றது, ஓட்டுநருக்கும் காருக்கும் இடையிலுள்ள கருவியின் குறையை நிரப்புகிறது. எஃப்40க்கு ஏ.பி.எஸ். கொடுப்பது முதல் வகை. கிளட்ச் மிதியே இல்லாதவருக்குத் தானியங்கிக் கிளட்ச் கொடுப்பது இரண்டாம் வகை. அங்கே கார் மாறவில்லை, அவருக்கு இல்லாத இடதுகாலைத்தான் நாம் கொடுக்கிறோம். விசைப்பலகையின் அம்புக்குறியை அழுத்தியவுடன் சக்கரம் முழுதும் திரும்பிவிடாமல் படிப்படியாகத் திரும்புமாறு செய்வதும் அவ்வாறே. இவ்விரண்டையும் ஒரே வாக்குச்சீட்டில் கட்டிவைத்தது எங்கள் பிழை. முதல் வகையை எதிர்க்கும் உரிமை எனக்குண்டு. இரண்டாம் வகையை எதிர்த்தபோது, மெய்ம்மையின் பெயரால் என் மேசையைத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

கடினமான ஓர் இடமும் எஞ்சுகிறது. விசைப்பலகையில் பிரேக் என்றால் முழுதாக உண்டு அல்லது அறவே இல்லை. பாதி அழுத்தம் என்பது கிடையாது. அப்படியானால் ஏ.பி.எஸ்.தான் அவருடைய மிதி என்று வாதிடலாமே? வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதற்கு விடை, எல்லாக் கார்களையும் மாற்றுவதில் இல்லை. ஓட்டும் காரைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ஏ.பி.எஸ். உள்ள கார்களைக் கொண்டு பந்தயம் நடத்தினால் அவருக்கு நாம் எந்தச் சலுகையும் காட்டத் தேவையில்லை.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இத்தனை நீண்ட பதிவா என்று கேட்கக்கூடும். இரு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்தத் திரை சிலருக்கு வெறும் திரையாக நின்றுவிடவில்லை. பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ 2011இல் கிராண்ட் டூரிஸ்மோ விளையாட்டு வழியாக நடந்த போட்டியில் வென்று, 2013இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்றார். ஐரேசிங் சிமுலேட்டரில் ஓட்டக் கற்ற அமெரிக்கரான வில்லியம் பைரன், டேடோனா 500 பந்தயத்தை 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றார். பந்தயக் காரின் டயர்ச் செலவைக்கூடத் தாங்க முடியாத வீடுகளிலிருந்து வரும் இந்திய மாணவர்களுக்கு இது மிகக் குறுகிய கதவு. ‘மெய்ம்மை’ என்று எழுதி அந்தக் கதவைச் சாத்துவதற்கு முன் நாம் சொல்வது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பந்தயத்தோடு தொடர்பற்றது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயம். மிக நல்ல விதி அது. ஆனால் பழைய கார்கள் இன்னும் சாலையில் இருக்கின்றன. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாத மழையில், தாம்ஹினி மலைப்பாதையில் நண்பரின் பழைய காரை ஓட்டிச்சென்றேன். வளைவில் எருமைகள் நின்றன. பிரேக்கை அழுத்தினேன்; சக்கரங்கள் பூட்டிக்கொண்டன; ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே வழுக்கியது. கால் மிதியைச் சற்றே தளர்த்தியது, சக்கரம் உருண்டது, கார் திரும்பியது. அந்தத் தளர்த்தலை எனக்கு எந்த ஓட்டுநர் பள்ளியும் கற்றுத்தரவில்லை. ஏ.பி.எஸ். இல்லாத கார்களைத் திரையில் நூற்றுக்கணக்கான முறை சுவரில் மோதிக் கற்றது அது. திரையில் கற்றது எல்லாம் சாலைக்கு உதவும் என்று சொல்ல வரவில்லை. எனினும், இல்லாமையை உணர்ந்து பார்க்க ஓர் ஆபத்தற்ற இடம் இருப்பது நல்லது. எல்லாக் கார்களுக்கும் எல்லா உதவிகளையும் கொடுத்துவிட்டால் அந்த இடம் இல்லாமற் போகும்.

ஆகவே, வரும் ஞாயிறன்று மறுவாக்கெடுப்பு கோரியிருக்கிறேன். என் முன்மொழிவு இது. ஏ.பி.எஸ்.சும் டிராக்ஷன் கன்ட்ரோலும் அந்தந்தக் காரில் உள்ளபடி இருக்கட்டும். தானியங்கிக் கிளட்ச் வேண்டுவோர் அனைவருக்கும் அனுமதிக்கப்படட்டும். சேதமும் டயர் தேய்மானமும் முழு அளவில் நடப்புக்கு வரட்டும். ஒரு வாரம் ஏ.பி.எஸ். உள்ள கார்கள், மறுவாரம் இல்லாத கார்கள் என்று மாறி மாறி ஓட்டுவோம். இல்லாத கார்களின் வாரத்தில் என் ஸ்டீயரிங்கும் மிதிகளும் பொது அறையில் இருக்கும். விசைப்பலகையில் ஓட்டுபவர்கள் முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம், என் முறை வராத சுற்றுகளில் நான் விசைப்பலகையில் ஓட்டுகிறேன். நேற்றிரவு பழகிப் பார்த்தேன். மூன்றாவது வளைவைத் தாண்ட முடியவில்லை.

மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் எழுதுங்கள். குறிப்பாக, ‘எந்த உதவியும் கூடாது’ என்று இன்னும் உறுதியாக நிற்போர், முதலில் தங்கள் சர்வரில் சேதத்தின் அளவு என்ன என்று பார்த்துவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.