திறப்பு விழா செய்தோம், எண்ணெய் யார் ஊற்றுவது?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

"கிறிஸ்துவர்கள் கைப்பேசி வழியா நம்ம பிள்ளைகளை இழுக்கிறாங்க" என்று புலனக் குழுக்களில் அடிக்கடி செய்தி சுற்றுது. அனுப்புகிறவர்களை ஆலயத் தொண்டர்களாகிய நாங்கள் ஒன்று கேட்கிறோம். நம்ம பிள்ளை தேவாரம் தேடினால் என்ன கிடைக்கும் என்று என்றைக்காவது பார்த்தீர்களா?

அவர்கள் செய்ததைப் பாருங்க. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்து லைஃப் சர்ச் என்ற சபை, 2008 ஜூலையில், ஆப்பிள் ஆப் ஸ்டோர் திறந்த அதே மாதம், யூவெர்ஷன் பைபிள் செயலியை வெளியிட்டது. இலவசம், விளம்பரம் கிடையாது, தமிழிலும் உண்டு. 2021-க்குள் 500 மில்லியன் தடவை இறக்கிவிட்டார்கள். வெளியிட்டதோடு விடவில்லை. ஆள் வைத்து, பணம் ஒதுக்கி இன்றுவரை பராமரிக்கிறார்கள்.

நம்ம பக்கம் எப்படி? கும்பாபிஷேகத்துக்கு ஒரு செயலி. சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்துவார், மாலை, பொன்னாடை, படம். இரண்டு வருஷம் கழிச்சு புதுக் கைப்பேசியில் அது திறக்காது. செஞ்ச தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார், பாஸ்வர்டும் அவரோடு போயிருக்கும்.

தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்களுக்கு இது நல்லா புரியும். மெஷினை வாங்கிப் போட்டுட்டு சர்விஸ் பண்ணாமல் விட்டால் லைன் நிற்கும். செயலியும் அப்படித்தான். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்டணும். கூகுள் வருஷா வருஷம் விதியை மாற்றும். அதற்கேற்ப திருத்தாத செயலி புதுக் கைப்பேசிக்காரர் கண்ணுக்கே தெரியாது.

"செயலி எதுக்கு? கோயிலுக்கு வந்து கத்துக்கட்டும்" என்பார்கள். தோட்டம் இருந்த காலத்தில் கோயில் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று அலோர் காஜா, டுரியான் துங்கால், மஸ்ஜித் தானா என்று தாமான் தாமானாகச் சிதறிக் கிடக்கிறோம். நைட் ஷிப்ட் பிள்ளை வெள்ளிக்கிழமை பூஜைக்கு எப்படி வருவான்? தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு ரூமி எழுத்தில், ஓதுவார் குரலோடு கொடுத்தால்தானே பாடும்? இறப்பு வீட்டில் சிவபுராணம் பாட ஆள் இல்லாமல் யூடியூப்பைப் போட்டு, நடுவில் விளம்பரம் வந்து எல்லாரும் தலைகுனிகிறார்கள். இது நமக்கு அவமானம் இல்லையா?

ஆறுமுக நாவலரை நினைச்சுப் பாருங்க. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் வைத்து அவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தே பார்த்தார். கண்டனம் எழுதியதோடு நிற்கவில்லை. 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறகு சொந்த அச்சுக்கூடம், பாலபாடம், சைவ வினாவிடை. அன்றைக்கு அச்சு, இன்றைக்குக் கைப்பேசி.

பாட்டுக்கா பஞ்சம்? பன்னிரு திருமுறையில் 18,000-க்கு மேல் பாடல்கள். தருமபுரம் ஆதீனம் அவற்றை இணையத்திலேயே வைத்திருக்கிறது. பஞ்சம் பராமரிப்புக்குத்தான்.

நாங்கள் கேட்பது இதுதான்:

1. கோயிலுக்கு ஒரு செயலி வேண்டாம். மாவட்டத்துக்கே ஒன்று போதும்.

2. கணக்கும் பாஸ்வர்டும் நிர்வாகத்தின் பெயரில் இருக்கணும், தனி ஆள் பெயரில் அல்ல.

3. பொறுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் போனாலும் இன்னொருவர் இருப்பார்.

4. திருவிழா பட்ஜெட்டில் பந்தல், மேளம், அன்னதானம் மாதிரி செயலிப் பராமரிப்புக்கும் ஒரு வரி. உபயகாரர்கள் இதையும் ஓர் உபயமாக எடுக்கலாம்.

5. ஏற்றும் பாடலை எழுத்துப்பிழை இல்லாமல் ஓதுவார் ஒருவர் சரிபார்க்கணும்.

கிறிஸ்துவ அன்பர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவங்க வேலையை அவங்க ஒழுங்கா செய்றாங்க. கோபமெல்லாம், கர்ப்பக்கிரக விளக்குக்குத் தினமும் எண்ணெய் ஊற்றணும் என்று தெரிந்தும், செயலியை ஒரு நாள் ஏற்றினால் போதும் என்று நினைக்கும் நிர்வாகங்கள் மேல்தான்.

அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் உங்க ஆலயத்தில் எழுந்து கேளுங்க. பயமுறுத்தும் செய்தியைப் பகிர்வதற்குப் பதிலா இதைப் பகிருங்க.

திருச்சிற்றம்பலம்.