ஜாப் ஒர்க் நாவல்களும் சில மேதாவிகளும்

"சினிமாவை வச்சு எழுதின புக்கா? அதெல்லாம் பாப்கார்ன் மாதிரி பாஸ். டிக்கெட்டோட சேர்த்து விக்கறது."

நல்லாப் படிக்கிற ஒரு நண்பர் சொன்னது இது. ஸ்டார் வார்ஸ், ஸ்டார் ட்ரெக் பேர் போட்ட நாவலைக் கையில் பார்த்தாலே நம்மாளுங்க சிலருக்கு முகம் கோணிடுது. குப்பை நிறைய இருக்கு, இல்லைன்னு யார் சொன்னா? ஆனா படிக்காமலே மொத்தத்தையும் ஒதுக்குறதும், லோகோ இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக மொத்தத்தையும் வாங்கி அடுக்குறதும் ஒரே சோம்பேறித்தனம்தான். ரெண்டு கோஷ்டியும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலை.

நான் வாணியம்பாடிக்காரன். எங்க பக்கம் டேனரிகள்ல ஜாப் ஒர்க்னு ஒண்ணு உண்டு. தோல் ஒருத்தரோடது, ஆர்டரும் அவரோடது, பதப்படுத்திக் கொடுக்கிற வேலை மட்டும் நம்மளோடது. கடைசியில் ஷூவுல வேற யாரோட பேரோ இருக்கும். அதனால வேலை மட்டம்னு ஆகிடுமா? தோல் தெரிஞ்சவர் லேபிளைப் பார்க்க மாட்டார். கையில் எடுத்து மடிச்சுப் பார்ப்பார். கீறலையும் ஓட்டையையும் பெயிண்டு பூசி மறைச்சிருந்தா மடிச்ச இடத்துல வெடிச்சுடும்.

டை-இன் நாவலும் ஜாப் ஒர்க்தான். உலகம் யாரோடதோ, பாத்திரங்கள் யாரோடதோ, எழுதறவருக்குக் கூலி. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: மடிச்சா வெடிக்குதா?

"தமிழ்ல இதெல்லாம் ஏது?"ன்னு ஆரம்பிக்காதீங்க. 1986-ல வந்த கமலோட 'விக்ரம்' இருக்கு. படம் தயாராகிட்டு இருந்தப்பவே சுஜாதா அதைக் குமுதத்துல தொடர்கதையா எழுதினார். படம் வரைஞ்சு போடுற இடத்துல கமலோட ஃபோட்டோக்கள். கடத்தப்பட்ட அக்னிபுத்திரன் ஏவுகணை, சலாமியான்னு ஒரு கற்பனை தேசம், கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு பெண். பாதி அறிவியல், பாதி ஜேம்ஸ் பாண்ட். அக்மார்க் டை-இன்!

'என் இனிய இயந்திரா'வைத் தலையில் வச்சுக் கொண்டாடுற அதே ஆட்கள் 'விக்ரம்' நாவல்னு சொன்னா "அது சினிமா கதைப்பா"ன்னு நகர்ந்துடறாங்க. ரெண்டையும் எழுதினது ஒரே கைதானே? ஜீனோ அளவுக்கு விக்ரம் வராது, ஒத்துக்கறேன். ஜீனோ முழுக்க முழுக்க அவரோட சொத்து. விக்ரம்ல ஹீரோ, டூயட், வில்லன்னு அடுத்தவங்க தோலை வச்சு வேலை செய்ய வேண்டியிருந்தது. சலாமியா பக்கம் மடிச்சா வெடிக்கத்தான் செய்யும். ஆனா வாசகர்கள்ல பெரும்பாலானவங்க கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்க்காத காலம் அது. பெங்களூர் பெல்லில் வேலை பார்த்த ஒரு இஞ்சினியர், வெகுஜனப் பத்திரிகையில், கமல் ஃபோட்டோவுக்குப் பக்கத்துல ஏவுகணையையும் கம்ப்யூட்டரையும் கதையாக்கினார். அதை எந்தக் கணக்குல குப்பைன்னு சொல்றீங்க? 2022-ல லோகேஷ் கனகராஜ் அதே பேர்ல எடுத்த படத்தைக் கொண்டாடினப்பகூட இந்த நாவலைப் பத்தி நம்மில் எத்தனை பேர் பேசினோம்?

வெளியூர் உதாரணமும் பார்ப்போம். 1966-ல வந்த 'ஃபன்டாஸ்டிக் வாயேஜ்' படத்தோட திரைக்கதையை நாவலா எழுதித் தரச் சொல்லி அசிமோவ்கிட்ட கொடுத்தாங்க. சின்னதாக்கப்பட்ட நீர்மூழ்கியில் டாக்டர்கள் ஒரு மனுஷன் உடம்புக்குள்ள போற கதை. படத்துல நீர்மூழ்கியை வெள்ளணு விழுங்கிடும், ஆட்கள் மட்டும் தப்பிச்சு வெளியே வந்துடுவாங்க. சரி, உள்ளே மாட்டின கப்பல் நேரம் முடிஞ்சதும் பழைய சைஸுக்கு வளர்ந்தா நோயாளி என்ன ஆவார்? படம் அதைக் கண்டுக்கவே இல்லை. அசிமோவ் நாவல்ல அந்த வெள்ளணுவையும் சேர்த்து வெளியே இழுத்துட்டு வர வச்சார். கூலிக்குச் செஞ்ச வேலைதான், ஆனா ஓட்டையைப் பெயிண்டு பூசி மறைக்கலை.

வோண்டா மெக்கின்டயர் ஹ்யூகோ விருது வாங்கின எழுத்தாளர். 1981-ல அவர் எழுதின 'என்ட்ரோபி எஃபெக்ட்' ஒரு ஸ்டார் ட்ரெக் நாவல். டிவியில் வெறும் சுலுவா இருந்தவருக்கு ஹிகாருங்கிற முதல் பேரை வச்சது அந்தப் புத்தகம். 1991-ல ஆறாவது படத்துல அதே பேரைத் திரையிலும் சொன்னாங்க. பாப்கார்ன் போய் படத்துக்குப் பேர் வச்ச கதை இது :-)

அடுத்து 'கேனன்' கோஷ்டி. "அதிகாரபூர்வமா இல்லையா? அப்போ படிக்காதே" பார்ட்டிகள். 2014 ஏப்ரல்ல லூகாஸ்ஃபிலிம் பழைய ஸ்டார் வார்ஸ் நாவல்களை எல்லாம் 'லெஜண்ட்ஸ்'னு முத்திரை குத்தி ஓரமா வச்சது. டிமத்தி ஸான் 1991-ல எழுதின 'ஏர் டு தி எம்பயர்' நாவலும் அதுல போச்சு. மறுநாள் அந்த நாவல்ல ஒரு எழுத்தாவது மாறிச்சா? அதுல ஸான் உருவாக்கின த்ரான் பாத்திரத்தைப் பிறகு 'ரெபல்ஸ்' கார்ட்டூனுக்கும், 2023-ல 'அசோகா' தொடருக்கும் அவங்களே கூப்பிட்டுக்கிட்டாங்க. கம்பெனி முத்திரையை நம்பிப் படிக்கிறவன் கம்பெனி மனசு மாறும்போதெல்லாம் புத்தக அலமாரியை மாத்திக்கிட்டே இருக்கணும்.

அப்போ எதைப் படிக்கலாம்? நான் பார்க்கிறது மூணு விஷயம். ஒண்ணு, அட்டையில் சின்ன எழுத்துல இருக்கிற பேர். சொந்தமா நல்லா எழுதினவரான்னு தேடிப் பாருங்க. ரெண்டு, படத்துல இல்லாத ஒண்ணை, கேமரா காட்ட முடியாத ஒண்ணை எழுதியிருக்காரா? காட்சிக்குக் காட்சி படத்தைத் திரும்பச் சொல்றதுன்னா டிவிடி போதும். மூணு, ஹீரோ பேரை அழிச்சுட்டு குமாருன்னு போட்டாலும் கதை நிக்குதா? நிக்கலைன்னா அது வெறும் பெயிண்டு. ரெண்டு படத்துக்கு நடுவுல ஹீரோவுக்கு அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு முந்நூறு பக்கம் ஓட்டுறதெல்லாம் இந்த ஜாதி. கண்ணை மூடிக்கிட்டு விட்டுடலாம்.

அந்தச் சின்ன எழுத்துப் பேரை நான் பிடிச்சுத் தொங்குறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஸ்டார் வார்ஸ் நாவல் 1976-ல ஜார்ஜ் லூகாஸ் பேர்ல வந்தது. எழுதினது ஆலன் டீன் ஃபாஸ்டர். டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்கினதுக்கு அப்புறம் தனக்கு ராயல்டி வரலைன்னு 2020 நவம்பர்ல அவர் வெளிப்படையாச் சொல்ல வேண்டி வந்தது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் கூட நின்னு கேட்டது. எழுபது வயசைத் தாண்டின மனுஷர், செஞ்ச வேலைக்குக் காசு கேட்டு நின்னார். இந்த மாதிரி புக்கெல்லாம் யாரோ மெஷின்ல அடிச்சுத் தள்ளுறதுன்னு நாமளும் சேர்ந்து பேசினா, பேரை மறைக்கிற கம்பெனிக்கு அதைவிட வசதி வேற என்ன இருக்கு?

புத்தகம் மோசம்னா கிழிச்சுத் தொங்கவிடுங்க, நானும் வர்றேன். ஆனா படிச்சுட்டுக் கிழிங்க. எழுதினவர் பேரைச் சொல்லிக் கிழிங்க.

டிஸ்கி: 'விக்ரம்' நாவலைப் படிச்சவங்க பின்னூட்டத்துல வரலாம். படிக்காம "சுஜாதா ஓவர்ரேட்டட்"னு கும்மியடிக்க வர்றவங்களுக்கு இன்னைக்குக் கடை லீவு :-)