ஆய்வுக்கூடமா? குருகுலமா?

"மாதா, பிதா, குரு, தெய்வம்" என்று நமது நாட்டில் வரிசை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வரிசையில் குருவைத் தெய்வத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்ததால் ஏற்பட்ட கேடுகள் கொஞ்சநஞ்சமல்ல. மடத்திலும் பஜனைக் கூடத்திலும் இந்தக் குருபக்தி இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஏனென்றால் அங்கே ஒருவன் கேள்வி கேட்டால் மற்றவன் பிழைப்புப் போய்விடும். ஆனால், ஏன், எப்படி என்று கேட்பதையே தொழிலாகக் கொண்ட விஞ்ஞான ஆய்வுக்கூடத்திலும், அதிலும் மனிதனுடைய நோய்க்கு மருந்து தேடுகின்ற ஆய்வுக்கூடத்திலும் இந்தக் குருபக்தி குடிபுகுந்திருக்கிறது என்றால் இதைவிட விபரீதம் வேறு என்ன இருக்க முடியும் என்று கேட்கின்றோம்.

வைத்திய ஆராய்ச்சி மாணவர் என்பவர் யார், அவருடைய பொழுது எப்படிக் கழிகின்றது என்பது நமது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம். எம்.எஸ்ஸி. வரை படித்துப் பரீட்சையில் தேறிய ஒரு வாலிபனோ பெண்ணோ ஒரு பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்காகச் சேருகிறார். அந்தப் பேராசிரியருக்குத்தான் "கைடு" என்று பேர். ஐந்து வருஷம், ஆறு வருஷம் அவரிடமே கிடக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் அதற்கு ஆகாரத் திரவம் மாற்றியாக வேண்டும். சோதனை எலிக்குத் தீனி வைத்தாக வேண்டும். சைபருக்குக் கீழே 80 டிகிரிக் குளிரில் வைத்த மாதிரிகள், ஓர் இரவு மின்சாரம் நின்று மாற்று ஏற்பாடும் இல்லாமல் போனால், மூன்று வருஷ உழைப்போடு உருகிப் போகும். பத்துத் தரம் செய்து பார்த்து ஒன்பது தரம் தோற்பதுதான் அங்கே தினசரி வாழ்க்கை.

இதற்குக் கிடைக்கும் கூலி என்ன? மத்திய சர்க்காரின் பரீட்சையில் தேறி உதவித்தொகை பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து முதல் இரண்டு வருஷத்துக்கு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் என்று ஏற்படுத்தினார்கள். அதற்கு முன் 31,000 ரூபாயும் 35,000 ரூபாயுமாக இருந்தது. அந்தத் தொகையும் 2019ம் வருஷத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்து கூச்சல் போட்ட பிறகு வந்ததே தவிர, யாரும் தாமாகத் தூக்கிக் கொடுத்ததல்ல. அந்தப் பரீட்சை உதவி கிடைக்காதவர்கள் பாடு இதைவிடக் கேவலம். அன்றியும் மாதா மாதம் வர வேண்டிய பணம் பல மாதம் கழித்து வருவது சர்வ சாதாரணம். வீட்டு வாடகைக்காரரும் சாப்பாட்டு மெஸ்காரரும் அதுவரை விஞ்ஞானத்துக்காகக் காத்திருப்பார்களா?

நிற்க, கஷ்டத்தைப் பற்றி நமக்கு அதிக வருத்தமில்லை. கஷ்டப்படாமல் எந்தக் காரியமும் ஆகாது. நமது வருத்தமெல்லாம் அந்த மாணவருடைய தலைவிதி முழுவதும் ஒரே ஒரு கையெழுத்தில் தொங்குகின்றதே என்பதுதான். உதவித்தொகைக் காகிதத்தில் கைடு கையெழுத்து வேண்டும். ஆராய்ச்சி நூலை அனுப்பக் கைடு கையெழுத்து வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு வேலைக்கு மனுப் போட்டால் அங்கேயும் கைடின் சிபார்சுக் கடிதம் வேண்டும். இவ்வளவு அதிகாரத்தை ஒரு மனிதனிடம் கொடுத்துவிட்டு அவன் யோக்கியனாகவும் இருப்பான் என்று எதிர்பார்ப்பது பகுத்தறிவாகுமா? கைடு வீட்டுக்குக் காய்கறி வாங்குவதும், ரயில் டிக்கட் எடுப்பதும், அவர் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் ஆராய்ச்சியின் பகுதிகளாய்ப் போன இடங்கள் உண்டு. ஆயுத பூஜையன்று லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கின யந்திரத்துக்குச் சந்தனம் தடவி, எலுமிச்சம் பழம் வைத்து, கிருமி சாஸ்திரம் படித்த பிள்ளைகளைக் கைகட்டி நிற்க வைக்கின்ற இடங்களும் உண்டு. மாணவருடைய உழைப்புக்குக் கைடு தமது சிநேகிதர் பேரை முன்னால் போட்டுக் கொள்ளுகின்ற இடங்களும் உண்டு. எல்லாப் பேராசிரியர்களும் இப்படித்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. நல்லவர்கள் அநேகர் இருக்கின்றார்கள். ஆனால் மாணவருடைய வாழ்வு, கைடு நல்லவராய் வாய்ப்பது என்கின்ற அதிர்ஷ்டத்தில் இருக்கலாமா என்பதே கேள்வி.

துரோணாச்சாரி ஏகலைவனுடைய கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டான் என்று பாரதம் சொல்லுகின்றது. அது நடந்த சங்கதி என்று நாம் நம்பவில்லை. ஆனால் அப்படிக் கேட்டவனை ஆதர்ச குருவாக்கி, நமது இந்திய சர்க்கார் 1985 முதல் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு அவன் பேராலேயே விருது கொடுத்து வருகின்றதே, அது நடந்த சங்கதியா இல்லையா? சிஷ்யனுடைய விரலை வாங்கினவன் பேரில் ஆசிரியர்க்குப் பரிசு கொடுக்கின்ற நாட்டில், ஆராய்ச்சி மாணவரின் கட்டைவிரல் பத்திரமாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

புராணம் கிடக்கட்டும். சரித்திரத்துக்கு வருவோம். க்ஷயரோகம் என்கின்ற காசநோயை முதன்முதல் மடக்கின மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அதை 1943ம் வருஷம் அக்டோபர் மாதம் அமெரிக்காவில் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் கண்டெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்கின்ற 23 வயது மாணவர். மாதம் 40 டாலர் சம்பளத்தில், கட்டடத்தின் நிலவறையில், க்ஷயக் கிருமியோடு தனியாக வேலை செய்தவர் அவர். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை வரிசையாய்ச் சோதித்து மருந்து தேடும் முறையை வகுத்தவர் வாக்ஸ்மன்தான் என்பதை நாம் மறைக்கவில்லை. 1944ல் வெளியான முதல் கட்டுரையில் ஷாட்ஸ் பேர் முதலிலும், எலிசபெத் புகி என்கின்ற பெண்மணியின் பேர் நடுவிலும், வாக்ஸ்மன் பேர் கடைசியிலும் யோக்கியமாகவே இருந்தன. ஆனால் பேடண்டு உரிமை எழுதும்போது அந்தப் பெண்மணியின் பேர் காணாமல் போயிற்று. ஷாட்ஸ் தமது உரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார். பேராசிரியரோ தனியாக ஒப்பந்தம் செய்து கொண்டு மருந்து வரும்படியில் பங்கு வாங்கி வந்தார். மாணவர் 1950ல் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வருஷக் கடைசியில் ராஜியாகி, ஷாட்ஸும் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே என்று ஒப்புக்கொண்டு, நூற்றுக்கு 3 பங்கு அவருக்குக் கொடுத்தார்கள். ஆனால் 1952ல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே போயிற்று. குருவின் மேல் வழக்குப் போட்ட சிஷ்யனுக்குப் பெரிய ஆய்வுக்கூடங்களின் கதவு திறக்கவில்லை. 1994ல், 74வது வயதில், அதே ரட்கர்ஸ் அவருக்கு ஒரு மெடல் கொடுத்தது. கட்டைவிரல் போன பிறகு மோதிரம் போட்ட கதைதான்.

குருவாய் இருக்கப்பட்டவர்கள் வேறுவிதமாய் நடக்கவே முடியாதா? முடியும். 1921ம் வருஷக் கோடையில் கனடா தேசத்து டொரண்டோவில் நீரிழிவுக்கு மருந்து தேடி பாண்டிங் என்கின்ற வைத்தியரும், சார்லஸ் பெஸ்ட் என்கின்ற 22 வயது மாணவரும் உழைத்தார்கள். இன்சுலின் கிடைத்தது. 1923ல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் ஆய்வுக்கூடத் தலைவர் மக்லௌடுக்கும் வந்தது. பெஸ்டை விட்டுவிட்டார்கள் என்று கண்ட பாண்டிங், தமது பணத்தில் பாதியை அவருக்குக் கொடுப்பதாக அறிவித்தார். மக்லௌடும் தமது பங்கில் பாதியை மருந்தைச் சுத்தம் செய்து கொடுத்த காலிப்புக்குக் கொடுத்தார். அவர்களுக்குள் மனஸ்தாபம் இல்லாமலில்லை. ஆனாலும், உழைத்தவன் பேரை மறைக்கக் கூடாது என்கின்ற மானம் இருந்தது.

இனி, கூட்டு வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை. சேரன்மாதேவிக் குருகுலத்தில் பொதுப் பணத்தை வாங்கிக் கொண்டு, பார்ப்பனப் பிள்ளைகளுக்கு வேறு இடத்தில் சாப்பாடு போட்டதைக் கண்டித்து 1924, 25ம் வருஷங்களில் பெரியார் அவர்களும் மற்றவர்களும் கிளர்ச்சி செய்தது நமது வாசகர்களுக்குத் தெரியும். சாப்பாட்டு இலையில் என்ன இருக்கிறது என்று அப்போது கேட்டார்கள். என்ன இருக்கிறது என்பதற்குக் கேம்பிரிட்ஜ் பதில் சொல்லுகின்றது. அங்கே 1962ல் திறந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராயிருந்த மாக்ஸ் பெருட்ஸ், எல்லாரும் சந்திக்க ஒரே சிற்றுண்டிச்சாலை ஏற்படுத்தினார். அவருடைய மனைவி கிசெலா அதை நெடுங்காலம் நடத்தினார். நோபல் பரிசு வாங்கினவரும், நேற்று வந்த மாணவரும் ஒரே மேஜையில் காபி குடித்துக் கொண்டு, "நீங்கள் சொல்லுவது தப்பு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளுவார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009ல் நோபல் பரிசு பெற்றதும் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தபோதுதான்.

நமது நாட்டிலோ, டெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவக் கழகத்தைப் பற்றி விசாரிக்க 2006ல் சர்க்கார் நியமித்த சுகதேவ் தோரட் கமிட்டி, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் சாப்பாட்டு இடத்திலும் விளையாட்டிலும் ஒதுக்கப்படுவதாக 2007ல் அறிக்கை கொடுத்தது. இரத்தத்தைச் சோதித்து அதில் ஜாதி இல்லை என்று கண்டவர்களே இரத்தம் எடுத்த கையைக் கழுவிவிட்டு ஜாதி பார்த்து உட்காருகின்றார்கள் என்றால், அது படிப்பா, அல்லது வயிற்றுப் பிழைப்பா?

"கண்டிப்பில்லாமல் படிப்பு வருமா?" என்று சிலர் கேட்பார்கள். கண்டிப்பு வேறு, அடிமைத்தனம் வேறு. சோதனைக் கணக்கில் தப்பு இருந்தால் காகிதத்தைக் கிழித்துப் போடட்டும். மறுபடி செய் என்று சொல்லட்டும். அது ஆசிரியர் கடமை. ஆனால் அந்தக் கண்டிப்பு மாணவரிடமிருந்து ஆசிரியர் பக்கமும் போகலாமா, கூடாதா? கூடாது என்றால் அங்கே நடப்பது ஆராய்ச்சியல்ல, உபதேசம். கைடுக்குப் பிடித்தமான முடிவைப் பயந்து எழுதிக் கொடுக்கும் மாணவரால் கெடுவது அவர் ஒருவர் மாத்திரமல்ல. அந்த முடிவை நம்பி மருந்து சாப்பிடப் போகின்ற நோயாளியுந்தான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். உதவித்தொகை, தபால் ஆபீஸ் பியூனுக்குச் சம்பளம் வருவதுபோல் மாதந்தோறும் தேதி தவறாமல் வர வேண்டும். மாணவருடைய வேலையைப் பார்வையிட ஒரு கமிட்டி என்று யூ.ஜி.சி. சட்டத்தில் 2016லும் 2022லும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கமிட்டியைக் கூட்டுகின்றவரும் கைடுதான்! யார் மேல் புகாரோ அவரே நாட்டாண்மை. அதை மாற்றி, வேறொரு பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். யார் பேர் எங்கே வரும் என்பதை வேலை ஆரம்பிக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். கைடை மாற்றிக் கொள்ளுவது குருத்துரோகம் என்கின்ற எண்ணம் ஒழிய வேண்டும். மாணவர்கள் தங்களுக்குள் ஜாதி பாராமல் சங்கம் கூட்ட வேண்டும். ஒருவருடைய எலிக்கு மற்றவர் தீனி வைத்து, ஒருவருடைய தோல்வியை மற்றவரிடம் வெட்கமில்லாமல் சொல்லிக் கொள்ள வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். உங்கள் வீட்டிலே முதன்முதலாக ஒரு பிள்ளையோ பெண்ணோ ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கலாம். லீவில் வந்து குறை சொன்னால், "குரு சொன்னால் பொறுத்துக்கொள், காலில் விழுந்தாவது பட்டம் வாங்கி வா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். என்ன நடந்தது என்று உட்கார வைத்துக் கேளுங்கள். காலில் விழுந்து வாங்குகின்ற பட்டம், நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கின்ற விஞ்ஞானியை நமக்குக் கொடுக்காது. சுயமரியாதையும் விஞ்ஞானமும் வேறு வேறல்ல என்பதே நமது அபிப்பிராயம்.