ஃபேக்ஸ் வேணுமாம், ஃபேக்ஸ்!

மக்களே, புனேயில பொட்டி தட்டுற எனக்கு இது மூணாவது வாட்டி. ஊர்ல ஒரு அரசு அலுவலகம், அப்பாவோட பென்ஷன் விஷயம். "மெயில் செல்லாது, ஃபேக்ஸ் அனுப்புங்க"ன்னாங்க. மெயில்லேருந்தே ஃபேக்ஸ் போற சேவை வழியா அனுப்பினா, "வெறும் கட்டமா வந்திருக்கு, அனுப்பத் தெரியாதா?"ன்னு நக்கல் வேற.

தெரியாம என்ன? நாம இணைக்கிற வேர்ட் கோப்பை நடுவுல ஒரு சர்வர் படமா மாத்துது. நம்ம தமிழ் எழுத்துரு அங்க இல்லேன்னா கட்டம்தான். பழைய பாமினி கோப்புன்னா ஆங்கில எழுத்தாக் கொட்டும். எழுத்துருவை உள்ளேயே பொதிஞ்ச பிடிஎஃப்பா அனுப்பினா இந்தத் தொல்லை இல்ல.

அப்பவும் முத்திரை தெரியாது! ஃபேக்ஸ் இன்னும் 1980-ல வகுத்த குரூப் 3 தரத்துலதான் ஓடுது. கறுப்பு, வெள்ளை ரெண்டே நிறம். மேலிருந்து கீழ அங்குலத்துக்குச் சுமார் 98 வரி, 'ஃபைன்' வச்சா 196. ஊதா ஸ்டாம்ப், போட்டோ எல்லாம் கரிக்கட்டை. "வெற்றிகரமாகச் சென்றது"ன்னு வர்ற ரசீது பக்கம் போனதுக்குத்தான் சாட்சி. படிக்க முடிஞ்சதுக்கு இல்ல.

மின் ஆவணத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-லேயே அங்கீகாரம் குடுத்தாச்சு. ஆனா அரசு அலுவலகம் அதை வாங்கியே தீரணும்னு நாம வற்புறுத்த முடியாதுன்னு அதே சட்டத்தோட 9-வது பிரிவு சொல்லுது. அந்தச் சந்துலதான் ஒளிஞ்சுக்கிறாங்க. தெளிவான மெயில் பொய்யாம், கரி பூசின நகல் நிஜமாம்! கடைசில வயசானவங்கதான் பஸ் ஏறி அலையணும்.

சும்மா விடாதீங்க. எந்த விதிப்படி மெயில் செல்லாதுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டிக் கேளுங்க. பதிலை ஃபேக்ஸ்ல வேணாம்னும் சொல்லிடுங்க :-)