வெந்நீரும் குளிர்நீரும் இரத்த ஓட்டமும்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். மார்கழி, தை மாதங்களில் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் வீடுகளில் அதிகாலையில் குழாயைத் திறந்தால் கை விறைத்துப்போகும். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் வருஷமெல்லாம் கிணற்று நீரில் குளித்துப் பழகியவர்கள்கூட இங்கே வெந்நீரை நாடுகிறார்கள். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கும் முதியோரின் கால்வலிக்கும், மரத்துப்போன பாதத்திற்கும் வெந்நீர் வாளியே முதல் மருந்து. "இரத்த ஓட்டம் நன்றாகும்" என்பது நாம் சொல்லும் காரணம். அது யாருக்கு நன்மை, யாருக்கு ஆபத்து என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

நமது சரீரத்தில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இடைவிடாது சுற்றி வருகிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு அரை லிட்டர் அளவே தோலின் வழியாகச் செல்லும். சரீரம் சூடேறினால் தோலின் கீழுள்ள நுண்ணிய நாளங்கள் விரிகின்றன. இருதயம் விரைந்து துடிக்கிறது. கடும் வெப்பத்தில் தோலுக்குச் செல்லும் இரத்தம் நிமிடத்திற்கு 6 லிட்டரையும் தாண்டக்கூடும். குளிர்நீர் பட்டாலோ அந்த நாளங்கள் சுருங்கி, இரத்தம் உள்ளுறுப்புகளின் பக்கம் திரும்புகிறது. இரத்த அழுத்தமும் உயர்கிறது.

இந்த விரிதலையும் சுருங்குதலையும் பயன்படுத்துவதே நீர் சிகிச்சை. ஜெர்மனியில் செபஸ்டியான் நைப் (1821–1897) என்ற குருவானவர் இதைப் பரவலாக்கினார். 1886-இல் வெளிவந்த அவருடைய நீர் சிகிச்சை நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. காந்தியடிகளும் நீர் சிகிச்சையில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார்; 1946-இல் புனேக்கு அருகிலுள்ள உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையம் தொடங்கினார்.

எப்போது எது உதவும்?

இறுகிய தசைக்கும், காலையில் மடக்க இயலாத முழங்காலுக்கும் மிதமான வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். கணுக்கால் புதிதாகச் சுளுக்கி வீங்கினால் குளிர் ஒத்தடமே ஏற்றது; பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, 15 நிமிடம் வைத்தால் போதும். கடின உழைப்பால் கால் அயர்ந்த ஆரோக்கியமானவர்கள், 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் 3 நிமிடமும், குளிர்நீரில் 1 நிமிடமுமாக மூன்று நான்கு முறை மாற்றி மாற்றிக் காலை வைக்கலாம். வலி குறையும். ஆனால் இருதயக் குழாயின் அடைப்பை எந்த நீரும் கரைக்காது. நீரினால் நாளங்கள் விரிவது சிறிது நேரத்திற்கே. காலின் இரத்தத்தை இருதயத்திற்கு மேலேற்றித் தள்ளுவது கெண்டைக்கால் தசை. ஆகவே தினமும் அரைமணி நேரம் நடப்பது வாளியைவிட மேலானது.

யாருக்கு ஆபத்து?

முதலாவது, சர்க்கரை நோயாளிகள். பல ஆண்டுகள் நீடித்த சர்க்கரை பாத நரம்புகளைப் பழுதாக்குகிறது. பாதம் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அப்படிப்பட்ட பாதத்திற்குச் சூடு தெரியாது. வாளியில் காலை வைத்தவர் "இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்று" என்பார். தோல் வெந்து கொப்புளம் எழும்பிய பிறகே வீட்டார் காண்பார்கள். மேலும், சூடேறிய திசுவுக்கு அதிக இரத்தம் வேண்டும். குறுகிப்போன நாளத்தால் அதைக் கொடுக்க முடியாது. அதனால் புண் ஆறாமல் அழுகி, காலையே எடுக்கும் நிலை வரலாம். எனவே மரத்த காலை வெந்நீரில் ஊறவைக்கவும் வேண்டாம்; வெந்நீர்ப் பையும் வைக்க வேண்டாம். உணர்வுள்ள இன்னொருவர் முழங்கையால் சோதித்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தால் போதும்.

இரண்டாவது, இருதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள். இவர்கள் திடீரெனக் குளிர்நீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளலாகாது. அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர்கள் அதிகச் சூடான நீரில் நெடுநேரம் குளித்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும்.

மூன்றாவது, இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து ஊர் சென்று திரும்பியபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அது ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அந்தக் காலுக்கு ஒத்தடமோ உருவிவிடுதலோ கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருந்தால், தினமும் இரவில் அவருடைய உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்போ சிவப்போ கொப்புளமோ கண்டால் வீட்டு வைத்தியம் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். "கால் மரத்திருக்கிறது" என்று அவர் சொன்னால், வெந்நீர் வைப்பதற்கு அல்ல, பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதற்கே அது அறிகுறி.